ஸ்கேன் அறைக்குள் போவதற்கு முன்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ரேடியோகிராபி மாணவி ஒருவர் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்.)



"என்னம்மா படிக்கிறே?" என்று லிஃப்டில் கேட்பவர்களிடம் "பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி" என்று முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் மாடி வந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால், எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்கப் படிக்கிறேன். மூன்று வருடப் படிப்பு முடிந்து, இப்போது ஒரு வருட இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன்.

செகரட்டரி அங்கிள் என்னைப் பேசச் சொன்னபோது, "எல்லாருக்கும் உபயோகமா இருக்கிற மாதிரி பேசும்மா" என்று மட்டும்தான் சொன்னார். அதனால் இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சமும், அந்த இயந்திரத்துக்குள் படுக்கப்போகும் உங்களைப் பற்றி அதிகமாகவும் பேசுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். படம் எடுக்கும் எங்களை ரேடியோகிராபர் என்பார்கள், டெக்னாலஜிஸ்ட் என்றும் சொல்வார்கள். அந்தப் படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேலும் படித்த டாக்டர். ஸ்கேன் முடிந்து எழுந்ததும் எல்லோரும் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஏதாவது இருக்காம்மா?" என்பதுதான். நாங்கள் பதில் சொல்லாமல் "ரிப்போர்ட் வரும், டாக்டரைப் பாருங்க" என்றால் சிலருக்குக் கோபம் வருகிறது. சிலர் எங்கள் முகத்தைப் பார்த்தே பயந்துவிடுகிறார்கள். நாங்கள் எதையும் மறைக்கவில்லை. ரிப்போர்ட் சொல்வது எங்கள் வேலை இல்லை, அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான படங்களையும் உங்கள் ரத்தப் பரிசோதனையையும் பழைய நோயையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயத்தை, அறை வாசலில் நின்று ஒரு வார்த்தையில் சொல்வது உங்களுக்கும் நல்லதில்லை.

எக்ஸ்ரே ஒரு நிழல், சி.டி. ஒரு வாழைத்தண்டு

1895 நவம்பரில் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்குத்தான் கிடைத்தது. எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். சுவரில் விழும் நிழலில் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் ஒன்றாகத் தெரிவதுபோல, நெஞ்சு எக்ஸ்ரேயில் விலா எலும்பு, நுரையீரல், இதயம், முதுகெலும்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்.

சி.டி. அந்தச் சிக்கலைத் தீர்த்தது. வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கி ஒவ்வொரு வில்லையையும் தனியாகப் பார்ப்பதுபோல, உடம்பை வெட்டாமலே உள்ளே பார்க்கலாம். எக்ஸ்ரே குழாய் உங்களைச் சுற்றி வரும். எதிர்ப்பக்கம் உள்ள உணரிகள், எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் உடம்பைத் தாண்டி வந்தது என்று அளக்கும். அந்த ஆயிரக்கணக்கான அளவுகளிலிருந்து கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ஒவ்வொரு வில்லையையும் உருவாக்கும்.

இதைச் செய்துகாட்டியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய இன்ஜினியர். அவர் வேலை பார்த்தது இ.எம்.ஐ. கம்பெனியில். கிராமபோனுக்கு முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் ஹெச்.எம்.வி. இசைத்தட்டு இங்கே இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு நினைவிருக்கும். அதன் தாய் நிறுவனம்தான் அது. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் ஒரு பெண்ணின் தலையை அந்த இயந்திரம் படம் எடுத்தது. மூளையில் இருந்த கட்டி தெரிந்தது. 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், இதன் கணிதத்தைத் தனியாக வகுத்திருந்த ஆலன் கார்மக்குக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இருவருமே டாக்டருக்குப் படித்தவர்கள் இல்லை.

இந்தக் கதையில் நம் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். ஜி.என். ராமச்சந்திரன், 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை வகித்தவர். கொலாஜன் புரதத்தின் அமைப்பை இங்கிருந்துதான் உலகத்துக்குச் சொன்னார். பிறகு பெங்களூருக்குப் போனார். அவரும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல கோணங்களில் எடுத்த நிழல்களிலிருந்து முழு உருவத்தை எளிய கணக்கில் திரும்பப் பெறும் வழி அதில் இருந்தது. இன்றைக்கும் எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்கு 'ராம்-லாக் ஃபில்டர்' என்று பெயர். 'ராம்' ராமச்சந்திரன், 'லாக்' லட்சுமிநாராயணன். முதல் முறை படித்தபோது இவர்கள் நம்மவர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு அந்தப் பாடம் கொஞ்சம் சுலபமாகிவிட்டது.

சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு. தண்ணீருக்குப் பூஜ்யம். காற்றுக்கு மைனஸ் 1000. கொழுப்பு மைனஸ் 100 அளவில் இருக்கும். மூளைத் திசு 30, 40 என்று வரும். புதிதாகக் கசிந்த ரத்தம் 60-ஐ ஒட்டி வரும், படத்தில் வெள்ளையாகத் தெரியும். இது வெறும் பாடம் இல்லை. அடுத்துச் சொல்லப்போகும் விஷயத்தில் ஒரு உயிர் இந்த வித்தியாசத்தை நம்பித்தான் இருக்கிறது.

பக்கவாதமும் கடிகாரமும்

ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. இது பக்கவாதமாக இருக்கலாம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது வெடித்து ரத்தம் கசிந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வைத்தியமோ நேரெதிர். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. கசிவு இருக்கும்போது அந்த ஊசியைப் போட்டால் ஆளே போய்விடலாம். எது என்று சில நிமிடங்களில் சொல்ல, தலைக்கு எடுக்கும் சி.டி. வேண்டும். அதனால்தான் சி.டி. இல்லாத சிறிய கிளினிக்குக்கு ஓடி நேரத்தை இழக்காதீர்கள் என்கிறார்கள்.

அந்த ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அப்போது டாக்டர் கேட்கும் முக்கியமான கேள்வி: "கடைசியா எத்தனை மணிக்கு இவர் நல்லா இருந்தார்?" "காலையில எழுந்ததிலிருந்து இப்படித்தான்" என்றால், ராத்திரி படுக்கப் போன நேரத்திலிருந்துதான் கணக்குத் தொடங்கும். அதனால் யாருக்காவது இப்படி நடந்தால், கடிகாரத்தைப் பாருங்கள். அந்த நேரத்தை ஒரு பேப்பரிலோ, உங்கள் உள்ளங்கையிலோ எழுதிக்கொள்ளுங்கள். சோடா கொடுப்பது, விரலைக் குத்துவது எல்லாம் வேண்டாம். விழுங்க முடியாமல் புரையேறும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. அடைப்பு வந்த முதல் சில மணி நேரத்தில் சி.டி. 'நார்மல்' என்று வரலாம். அதற்கு அர்த்தம் பக்கவாதம் இல்லை என்பதல்ல, ரத்தக் கசிவு இல்லை என்பது. "நார்மல்தானே, வீட்டுக்குப் போகலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள்.

கதிர்வீச்சுக்குப் பயப்பட வேண்டுமா?

அளவு தெரிந்தால் பயம் சரியான அளவுக்கு வரும். மண், பாறை, வானம், உணவு ஆகியவற்றிலிருந்தே நம் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.1-க்குள். தலை சி.டி. சுமார் 2. வயிற்று சி.டி. சுமார் 8 முதல் 10 வரை போகலாம். இயந்திரத்தையும் உடம்பையும் பொறுத்து இவை மாறும். எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் இந்தக் கதிர்வீச்சே இல்லை.

ஆக, ஒரு வயிற்று சி.டி. என்பது மூன்று நான்கு வருட இயற்கைக் கதிர்வீச்சு. தேவைப்படும்போது இது ஒரு பொருட்டே இல்லை. குடல்வால் வெடிக்கும் நிலையில் இருப்பவர் கதிருக்குப் பயந்து ஸ்கேனை மறுப்பது தவறு. அதேபோல, தலைவலிக்கு டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் "திருப்திக்காக ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க" என்று கேட்பதும், ஆஃபர் போட்டிருக்கிறார்கள் என்று ஃபுல் பாடி ஸ்கேன் எடுப்பதும் தவறு. ஒன்றும் இல்லாதவர் உடம்பிலும் எங்காவது ஒரு சின்னப் புள்ளி தெரியும். பிறகு அந்தப் புள்ளிக்காக இன்னொரு ஸ்கேன், இன்னொரு டெஸ்ட், தூக்கமில்லாத பத்து ராத்திரி. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவர்கள் உடம்பு வளர்கிற உடம்பு, முன்னால் நீண்ட ஆயுளும் இருக்கிறது.

டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்: "இந்த ஸ்கேன் முடிவைப் பார்த்து வைத்தியம் மாறுமா? அல்ட்ராசவுண்ட் போதுமா?" மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபிக்க மாட்டார்.

எங்கள் சட்டையில் குத்தியிருக்கும் சிறிய பேட்ஜைப் பார்த்திருப்பீர்கள். அது அடையாள அட்டை இல்லை. எங்கள் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ். நம் செய்தி மடல்போல அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இந்தியாவில் எங்களுக்கான வரம்பை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்திருக்கிறது. ஐந்து வருட சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். நாங்கள் கண்ணாடிக்குப் பின்னால் ஓடிப்போய் நிற்பதைப் பார்த்து, "எங்களை உள்ளே விட்டுட்டு நீங்க தப்பிச்சுக்கிறீங்களே" என்று கேலி செய்வார்கள். உங்களுக்கு என்றைக்கோ ஒரு படம். நாங்கள் தினமும் அங்கே நிற்கிறோம்.

நீங்கள் எங்களிடம் சொல்ல வேண்டியவை

இயந்திரம் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், உங்கள் வாயிலிருந்து வர வேண்டிய சில விஷயங்கள் அதற்குத் தெரியாது.

ஒன்று, கர்ப்பம். எக்ஸ்ரே, சி.டி.க்கு முன்னால் பெண்களிடம் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்போம். மாமியாரோ அப்பாவோ பக்கத்தில் நிற்கும்போது, நாள் தள்ளிப்போயிருந்தாலும் பலர் "இல்லை" என்றே தலையாட்டுவார்கள். "தனியாப் பேசணும்" என்று மட்டும் சொல்லுங்கள், போதும். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்வது எங்கள் பொறுப்பு. கூட வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது நீங்களாகவே இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

இரண்டு, சிறுநீரகமும் மாத்திரையும். சில சி.டி.க்கு அயோடின் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றுவோம். அதற்கு முன்னால் கிரியாட்டினின் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் சொல்லுங்கள். அதை நிறுத்த வேண்டுமா, தொடரலாமா என்பதை டாக்டர் முடிவு செய்வார், நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும். சிறுநீர் போய்விட்டதுபோல்கூடத் தோன்றும், உண்மையில் போயிருக்காது. அரை நிமிடத்தில் சரியாகும். மூச்சுத் திணறினாலோ, அரித்தாலோ, ஊசி போட்ட இடம் வீங்கினாலோ உடனே குரல் கொடுங்கள்.

மூன்று, ஒவ்வாமை. இதற்கு முன் இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஆஸ்துமா இருந்தாலும் சொல்லுங்கள். "எனக்கு இறால் ஒத்துக்காது, அதனால அயோடினும் ஆகாது" என்று பலர் நம்புகிறார்கள். இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள புரதம். அதற்கும் இந்த மருந்துக்கும் தனித் தொடர்பு இல்லை.

நான்கு, உலோகம். எம்.ஆர்.ஐ. காந்தம் எப்போதும் 'ஆன்' ஆகவே இருக்கும். வழக்கமான 1.5 டெஸ்லா இயந்திரம் பூமியின் காந்தப் புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலுவானது. 2018 ஜனவரியில் மும்பையில், ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன ஓர் இளைஞர் இறந்துபோனார். அவர் நோயாளி இல்லை, நோயாளிக்கு உதவியாக வந்தவர். பேஸ்மேக்கர், காதுக்குள் கருவி, தலையில் கிளிப், கண்ணில் எப்போதோ பட்ட இரும்புத் தூள் என எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். தாலிச் சரட்டில் ஊக்கு மாட்டி வைத்திருப்பீர்கள். அரைஞாண் கயிற்றில் தாயத்து இருக்கும். கழற்ற மனம் வராது என்று எங்களுக்குத் தெரியும். பல பெண்கள் வீட்டிலேயே ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். எங்களுக்கும் கேட்கச் சங்கடம் இல்லை, உங்களுக்கும் மனக்குறை இல்லை.

ஐந்து, மூச்சு. "மூச்சை இழுங்க, அடக்குங்க" என்று சொல்வோம். ஏழெட்டு வினாடிதான். அசைந்தால் படம் கலங்கும். திரும்ப எடுத்தால் கதிர்வீச்சு இரண்டு மடங்கு. காது கேட்காத பெரியவர்கள் முன்னாலேயே சொன்னால் கையால் சைகை பேசி வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஃபைல்

நம் குடியிருப்புக்காகவே சொல்ல நினைத்தது இதுதான். இங்கே பல வீடுகளில் பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள், பிள்ளைகள் வெளிநாட்டில். ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தால், கூட ஏறப்போவது பக்கத்து வீட்டு அங்கிள், இல்லையென்றால் நம் வாட்ச்மேன் அண்ணன். எமர்ஜென்சியில் இப்படி வருபவர்களைப் பார்க்கிறேன். ஓடி ஓடி உதவுவார்கள். ஆனால் "என்ன மாத்திரை சாப்பிடுறார்? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை உண்டா? கிட்னி பிரச்சினை இருக்கா? பேஸ்மேக்கர் வச்சிருக்கா?" என்று கேட்டால் பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? அந்த நேரத்தில் தொலைவில் இருக்கும் மகனோ மகளோ போனை எடுக்கும்வரை ஸ்ட்ரெச்சர் வெளியில் காத்திருக்கக் கூடாது.

ஒரு சாதாரண ஃபைல் போதும். முதல் பக்கத்தில் ஒரு தாள்: பெயர், வயது, ரத்த வகை, இருக்கும் நோய்கள், தினமும் சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, உடம்பில் பொருத்திய கருவி, நடந்த ஆபரேஷன்கள், கூப்பிட வேண்டிய இரண்டு எண்கள். அடுத்து, கடைசி கிரியாட்டினின் ரிப்போர்ட். அதன் பின்னால் இதுவரை எடுத்த ஸ்கேன்களின் ரிப்போர்ட்டும் சி.டி. தட்டும், தேதி வரிசையில்.

பழைய ஸ்கேன் படங்களைப் பீரோ மேல் சுருட்டி வைத்திருப்பீர்கள், சிலர் பழைய பேப்பர்காரருக்கே போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். நுரையீரலில் ஒரு சின்னக் கட்டி தெரிகிறது என்று வையுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்திலும் அது அதே அளவில் இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. அந்தப் படம் இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன். மறுபடியும் செலவு, மறுபடியும் கதிர், மூன்று மாதக் கவலை.

ஃபைல் எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். சங்கத்துக்கு என் கோரிக்கை இரண்டு. ஸ்ட்ரெச்சர் எந்த லிஃப்டில் நுழையும் என்று ஒரு நாள் அளந்து பார்த்து, அந்த பிளாக் வாசலில் வண்டி நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத் தாளை ஒரு படிவமாகத் தயாரித்து இந்தச் செய்தி மடலோடு அனுப்புங்கள். வேண்டிய வீடுகளுக்கு நானே வந்து நிரப்பித் தருகிறேன்.

பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இயற்பியலும் உயிரியலும் இரண்டுமே பிடிக்கும் என்றால் இந்தப் படிப்பைப் பாருங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்று கேட்டுச் சேருங்கள். 2021-இல் எங்களைப் போன்ற துணை மருத்துவப் படிப்புகளுக்கென்று தனிச் சட்டமே வந்திருக்கிறது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்து ஏமாற வேண்டாம். நைட் டியூட்டி உண்டு, தீபாவளி அன்றும் டியூட்டி உண்டு. பயந்துபோய்ப் படுத்திருப்பவரிடம் பொறுமையாகப் பேச வர வேண்டும். அது பாடத்தில் இல்லை, வார்டில்தான் கற்றுக்கொள்கிறோம்.

 வெளியே காபி ரெடியாக இருக்கிறதாம். குடித்துவிட்டு வீட்டுக்குப் போனதும், பீரோ மேல் இருக்கும் அந்தக் கவர்களை மட்டும் இன்றைக்குக் கீழே இறக்கி வையுங்கள். மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.